லண்டன் – பாரிஸ்: முக்கால் மணி நேரப் பறப்பா, இரண்டே கால் மணி நேர ரயிலா?

லண்டனுக்கும் பாரிசுக்கும் நேர்கோட்டில் சுமார் 340 கிலோமீட்டர். ஹீத்ரோவில் கிளம்பும் விமானம் வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். அட்டவணையில் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், இறங்க இடமில்லாமல் வட்டமடிப்பதும் அதில் அடக்கம். யூரோஸ்டார் ரயில் 492 கிலோமீட்டர் தண்டவாளத்தை ஏறக்குறைய 2 மணி 20 நிமிடத்தில் கடக்கிறது. கடலடிச் சுரங்கம் 50 கிலோமீட்டர். அதற்குள் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு இறங்கும், வெளியே வந்ததும் 300 வரை போகும்.

சீட்டை மட்டும் பார்த்தால் விமானம் ஒரு மணி நேரம் முந்துகிறது. வீட்டிலிருந்து கூட்டினால் கதையே வேறு.

கிங்ஸ் கிராஸிலிருந்து கணக்குப் போடலாம். பிக்கடில்லி லைன் சுரங்க ரயிலில் ஹீத்ரோவுக்கு 1 மணி நேரம். கைப்பை மட்டும் என்றாலும் 75 நிமிடம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். பறப்பு 80 நிமிடம். பாரிசின் சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கி, நடந்து, பாஸ்போர்ட் வரிசை தாண்ட அரை மணி. அங்கிருந்து ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில், யூரோஸ்டாரும் வந்து நிற்கும் கார் து நோர் நிலையத்துக்கு வர 35 நிமிடம். மொத்தம் 4 மணி 40 நிமிடம், அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். பெட்டியைச் சரக்கில் போட்டால் இன்னும் ஒரு மணி.

ரயிலுக்கு, கிங்ஸ் கிராஸை ஒட்டியே இருக்கும் செயின்ட் பங்க்ரஸ் நிலையத்தில் 75 நிமிடம் முன்பு, பிறகு 2 மணி 20 நிமிடம்: ஆக 3 மணி 35 நிமிடம். பிரெஞ்சு குடிநுழைவுச் சோதனை லண்டனிலேயே முடிந்துவிடுவதால், பாரிசில் பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே தெருவுக்கு வந்துவிடலாம். லா ஷப்பல் தமிழ்க் கடைகள் நடை தூரத்தில்தான். என் ஓட்டு ரயிலுக்கே.

சீட்டிலுள்ள நேரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பாரிஸ் கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும். 10 மணி ரயில் அங்கே 1.20-க்குப் போய்ச் சேர்வதாகத்தான் போட்டிருக்கும்.

ரயிலில் சறுக்கும் இடம் செயின்ட் பங்க்ரஸ் வரிசை. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களும் முழுச் சோதனைக்கு நிற்கிறார்கள்; கூடமோ சின்னது. புறப்பட 30 நிமிடம் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள். சுரங்கத்தில் பெரிய கோளாறு என்றால் ரயிலுக்கு வேறு வழி கிடையாது, அன்றைய ரயில்கள் பலவும் சிக்கும்.

பெட்டிக்கு எடைக் கணக்கு இல்லை: 85 சென்டிமீட்டருக்குள் இரண்டும் ஒரு கைப்பையும் கொண்டுபோகலாம். 100 மில்லி திரவக் கட்டுப்பாடும் இல்லை, எலுமிச்சை ஊறுகாய் போத்தல் தாராளமாகப் போகும். பால்கோவாவும் நெய்யும் வேண்டாம்; பிரிட்டனிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள்.

விலையில் மட்டும் ஒரே முடிவு சொல்ல முடியாது. ரயில் சீட்டு முன்கூட்டி எடுத்தால் மலிவு, கடைசி வாரத்தில் கடிக்கும். அப்போது விமானம் மலிவாகத் தெரிந்தாலும் பெட்டிக் கட்டணத்தையும் இரு பக்க ரயில் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாம்காரர்களுக்கு ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் நேரே கிங்ஸ் கிராஸ் போகிறது, யோசிக்கவே வேண்டாம். மேற்கு லண்டன் சவுத்ஹால்காரர்களுக்கு ஹீத்ரோ பக்கம், அங்கே வித்தியாசம் வெகுவாகச் சுருங்கும். சென்னையிலிருந்து ஹீத்ரோ வழியாக ஒரே சீட்டில் பாரிஸ் போகிறவர்கள் விமானத்திலேயே தொடர்வது நல்லது. பெட்டி நேரே பாரிசுக்குப் போய்விடும்.