மிளகாய்த் தோட்டத்தில் ஈரப்பத சென்சார்: இரண்டு வகையும் போட்டுப் பார்த்ததில்

கரிசல் காட்டில் சொட்டுநீர் மோட்டாரைத் தானாக ஓடவைக்க, மண் ஈரப்பத சென்சார்களைச் சில பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். வாங்குவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இவை தண்ணீரை நேராக அளப்பதில்லை. ஈரத்தால் மண்ணின் மின்குணம் மாறுவதைப் பார்த்து, தண்ணீர் இவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கின்றன.

விலை குறைந்த ரெசிஸ்டிவ் வகைக்கு இரண்டு கால்கள். அவற்றுக்கு இடையே மண்ணின் மின்தடையைப் பார்க்கும். மண் நனைந்தால், நீரில் கரைந்த உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும், தடை இறங்கும். வம்பே அந்த உப்பால்தான். சொட்டுநீரோடு விடும் பொட்டாஷ் உரமும் ஓர் உப்புதான். அதை விட்ட பிறகு மண் காய்ந்துகொண்டிருக்கும். சென்சாரோ ஈரம் போதும் என்று மோட்டாரை நிறுத்தி வைத்திருக்கும். யூரியா விட்டால் உடனே இப்படி ஆவதில்லை. அது கரைந்தாலும் மின்சாரத்தைக் கடத்தும் அயனியாகப் பிரியாது, அமோனியமாக மாறிய பிறகே வேலையைக் காட்டும். உப்புக் கிணறு வைத்திருப்பவர்கள் இந்த வகையை மறந்துவிடலாம். போதாததற்கு, ஓயாமல் டிசி கொடுத்தால் மின்பகுப்பில் கால் அரித்துப்போகும். அளக்கும் நேரத்தில் மட்டும் மின்சாரம் போகும்படி புரோகிராம் எழுதினால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும்.

இப்போது நான் நம்பியிருப்பது கெப்பாசிட்டிவ் வகையை. ப்ளஸ் டூவில் மின்காப்பு மாறிலி படித்திருப்போமே, ஒரு பொருள் மின்னூட்டத்தைத் தேக்க எவ்வளவு உதவும் என்று சொல்லும் எண், அதுதான் சூட்சுமம். தண்ணீருக்கு அது சுமார் 80, காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5, காற்றுக்கு 1. அதனால் கொஞ்சம் ஈரம் கூடினாலும் நன்றாகத் தெரியும். உப்பின் தலையீடு குறைவு, அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். சென்சார் பலகையின் வெட்டிய ஓரங்களில் ஈரம் ஏறும். நெயில் பாலிஷ் பூசிவிடுங்கள்.

கரிசலில் இதற்கும் ஒரு கண்டம் உண்டு. மண் காய்ந்து வெடிக்கும்போது சென்சாரை ஒட்டி இடைவெளி விழும். அப்புறம் அது அளப்பது காற்றை. பக்கத்து மண் ஈரமாக இருந்தாலும் வறட்சி என்று காட்டும். வெடிப்பு கண்டதும் பிடுங்கி, வேறு இடத்தில் மண்ணை இறுக்கி நட்டுவிடுகிறேன். செம்மண்காரர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இராது.

சென்சார் எந்த எண் காட்டினால் எவ்வளவு ஈரம் என்று யூடியூபில் சொல்வதை அப்படியே போடாதீர்கள். உங்கள் மண்ணையே காயவைத்து, எடை போட்டு, அளந்து தண்ணீர் சேர்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் சென்சார் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈரம் ஏற ஏற, என் கெப்பாசிட்டிவ் சென்சாரில் எண் இறங்கும்.

வயரிங் வேண்டாம் என்றால், கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரப்பதம் காட்டும் கருவியைப் பார்க்கலாம். மண்ணில் குத்தினால் நீல விளக்கு தாராள ஈரம், சிவப்பு என்றால் உடனே பாய்ச்ச வேண்டும்.