3,41,000 கிலோமீட்டர் ஓடிய என் சான்ட்ரோ

போன வாரம் வேளச்சேரி பங்கில் பெட்ரோல் போடும்போது அங்கே வேலை செய்யும் பையன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சார், மீட்டர் சரியா ஓடுதா?" என்று கேட்டான். சரியாகத்தான் ஓடுகிறது. அன்றைக்கு அது காட்டியது 3,41,260.

2004 ஏப்ரலில் எடுத்த ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங் கார். 1086 சிசி பெட்ரோல் எஞ்சின். எடுத்த நாளிலிருந்து என் பெயரில்தான் இருக்கிறது. எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டை ஒரே ஒரு முறை கழற்றியிருக்கிறோம். சிலிண்டரைக் கடையும் போரிங், பிஸ்டன் வரை வேலை போனதே இல்லை. சிட்டியில் ஏசி போட்டு லிட்டருக்கு 12, நெடுஞ்சாலையில் 16 தருகிறது. புதிதாக இருந்தபோது இதைவிட ஒன்றோ ஒன்றரையோ கூடுதலாகத் தந்தது, அவ்வளவுதான்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி இது. என் வேலையும் ஸ்ரீபெரும்புதூரில்தான். கத்திப்பாரா, போரூர், பூந்தமல்லி என்று போக வர 85 கிலோமீட்டர், பத்து வருடத்துக்கு மேல் தினமும் ஓட்டினேன். தான் பிறந்த பேக்டரி வாசலை இந்த வண்டி எத்தனை ஆயிரம் முறை கடந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அது போக, பொங்கல், கோடை விடுமுறை, தீபாவளிக்குத் திருநெல்வேலி. ஒரு வழி மட்டும் 620 கிலோமீட்டர்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் மீட்டரைத்தான் பார்க்கிறார்கள். 40,000 என்றால் முகம் மலர்கிறது, ஒன்றரை லட்சம் என்றால் சுருங்குகிறது. 21 வருட அனுபவத்தில் சொல்கிறேன், ஓடிய தூரம் வண்டியை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஒரே வேகத்தில் ஓடினால் எஞ்சின் நன்றாகச் சூடேறி, ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். தினம் இரண்டு கிலோமீட்டர் காய்கறிக் கடைக்குப் போய் வரும் வண்டியில் அந்த ஈரம் உள்ளேயே தங்கும். வேளச்சேரியிலிருந்து டைடல் பார்க் போக மாலை நேரத்தில் ஒரு மணி நேரம் நின்றாலும் மீட்டரில் ஏறுவது ஏழெட்டு கிலோமீட்டர்தான். எஞ்சின் உழைத்ததோ முழு ஒரு மணி நேரம்.

அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற பள்ளி ஆசிரியர் 1966இல் வாங்கிய வோல்வோ பி1800 காரை, 2013இல் 30 லட்சம் மைல் தாண்ட வைத்தார். நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர். அவரும் வேலைக்குப் போக வர தினம் 200 கிலோமீட்டர் ஓட்டியவர். கிரீஸ் நாட்டு டாக்ஸி ஒன்று, 1976 மாடல் மெர்சிடஸ் 240டி, 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி முடித்து அந்த நிறுவனத்தின் மியூசியத்துக்குப் போனது 2004இல். நான் என் வண்டியை எடுத்த அதே வருடம்! இவற்றின் பக்கத்தில் என் 3,41,000 குழந்தைக் கணக்கு.

வண்டியைக் கெடுப்பது எது என்று எனக்கு முதலில் காட்டிய வருடம் 2011. ரேடியேட்டரைக் கழுவி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்தை மாற்றியதாக ஒரு ஒர்க்‌ஷாப்பில் பில் போட்டுக் கொடுத்தார்கள். உள்ளே ஊற்றியிருந்தது போர் தண்ணீர். நம் ஊர் போர் தண்ணீரில் பக்கெட்டே வெள்ளையாக உப்புப் பூத்துப்போகிறது, நூல் போன்ற ரேடியேட்டர் குழாய்கள் எம்மாத்திரம்? நாலு மாதம் கழித்து திண்டிவனம் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏறியது. நான் ஓரம் கட்டுவதற்குள் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போய்விட்டது. ஹெட் கழற்றியது அப்போதுதான். அன்றிலிருந்து கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. எஞ்சின் ஆறியபிறகு மூடியைத் திறந்து நிறத்தை நானே பார்ப்பேன். பளிச்சென்ற பச்சை இருக்க வேண்டும், துருவின் காவி துளிகூடத் தெரியக் கூடாது.

அப்போது கிடைத்த மெக்கானிக்தான் ஆதம்பாக்கம் பாய். இந்த வண்டியின் பாதி ஆயுள் அவர் கையில் இருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் சீட் வரை தண்ணீர். இரண்டு நாள் கழித்து வடிந்ததும் மச்சான், "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணித்தான் பாருங்களேன் மாமா" என்றான். எனக்கும் கை துறுதுறுத்தது. போன் எதுவும் வேலை செய்யவில்லை, சேற்றில் ஆதம்பாக்கம் வரை நடந்தே போனேன். பாய் கடையும் நனைந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சாவி போட்டீங்களா சார்?" இல்லை என்றேன். "அப்ப வண்டி பொழைச்சுக்கும்" என்றார்.

மறுநாள் வந்து பேட்டரியைக் கழற்றினார். நாலு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டு, ஸ்பானர் போட்டு எஞ்சினைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். மூன்றாவது ஓட்டையிலிருந்து கலங்கல் தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்குப் பீய்ச்சியடித்தது. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சாவியைத் திருப்பியிருந்தால் அந்த ஒரு டம்ளர், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைத்திருக்கும். கீழே வடித்த ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தது. மூன்று முறை புது ஆயில் ஊற்றி வடித்தார். கியர் ஆயில் மாற்றினார், ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிரித்துக் காயவைத்தார். சீட்டெல்லாம் மொட்டை மாடியில் ஒரு வாரம் கிடந்தன. பன்னிரண்டாவது நாள் ஸ்டார்ட் ஆனபோது பாய் பேனட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். என் மனைவி அழுதுவிட்டாள். எங்கள் தெருவில் சாவி போட்டுப் பார்த்த மூன்று வண்டிகள் எடைக்குத்தான் போயின.

இப்போது மழை எச்சரிக்கை வந்தாலே, மற்ற கார்களோடு வரிசையாக வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறேன். 2023 மிக்ஜாம் புயலில் என் வண்டியும் அந்த வரிசையில் நின்றது.

அடுத்த பாடம் 2020 ஊரடங்கு. மூன்று மாதம் அசையாமல் நின்ற வண்டியில் பேட்டரி செத்தது, முன் பிரேக் காலிப்பர் இறுகிப் பிடித்துக்கொண்டது, எலி வயரிங்கைக் கடித்திருந்தது. 14,800 ரூபாய் செலவு. அதற்கு முந்தைய வருடம் 11,000 கிலோமீட்டர் ஓட்டியும் அவ்வளவு ஆகவில்லை. இதெல்லாம் கையில் கணக்கு வைத்துச் சொல்கிறேன். லாங் சைஸ் நோட்டு மூன்று நிறைந்திருக்கிறது. தேதி, மீட்டர் அளவு, என்ன மாற்றினோம், எவ்வளவு ஆனது என்று ஒரு வரி விடாமல் எழுதியிருக்கிறேன். இப்போது அலுவலகம் பாதி நாள் வீட்டிலிருந்துதான் என்பதால், ஞாயிறு காலை காரணமே இல்லாவிட்டாலும் ஈசிஆரில் கோவளம் வரை போய் வருகிறோம். திரும்பியதும் வண்டிக்கு அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவேன். கடல் காற்றின் உப்பு தகரத்தைத் தின்றுவிடும்.

எஞ்சின் ஆயில் 7,500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது. இவற்றை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாகத்தான் வாங்குவோம். கதவுக் கைப்பிடி, கண்ணாடி, டிக்கி பூட்டு மாதிரியானவற்றுக்குப் புதுப்பேட்டை போதும். இந்த மாடல் 2014 வரை வந்ததால் சாமான் கிடைப்பதில் சிரமமே இல்லை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பித்ததும் பழைய ரப்பர் ஹோஸ்களை மொத்தமாக மாற்றிவிட்டோம். பெட்ரோல் தவிர்த்து, கடந்த ஐந்து வருடத்தில் சராசரியாக வருடத்துக்கு 27,000 ரூபாய் ஆகிறது. புதுக் கார் எடுத்திருந்தால் மூன்று மாதத் தவணைக்குக்கூடக் காணாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. அதனால் 80க்கு மேல் போவதில்லை, இரவில் நெடுஞ்சாலைப் பயணமும் இல்லை. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மே மாத மதியத்தில் ஏசி குளிர்ச்சி தர பத்து நிமிடம் ஆகும். 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆய்வு, பசுமை வரி, அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அதே அலைச்சல். 2024இல் புதுப்பிப்புக் கட்டணமே 5,000 ரூபாய். ஆய்வுக்கு வந்த அதிகாரி பேனட்டைத் திறக்கச் சொல்லி, ஓடும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டுவிட்டு, "நல்லா வச்சிருக்கீங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

டைமிங் பெல்ட் 3,45,000இல் மாற்ற வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தால் அந்தக் கணக்கை நெருங்கிவிடும் என்பதால் மார்கழியிலேயே முடித்துவிடலாம் என்கிறார் பாய். சனிக்கிழமை காலையில் வண்டியை விடச் சொல்லியிருக்கிறார்.