சிங்கப்பூருக்கு ஓர் எஃப்-35: டாமியாவா, மெங்கா, பொறுத்திருப்பதா?

நம் ஆகாயப்படை வாங்கும் எஃப்-35 போர் விமானங்கள் மொத்தம் 20. அதில் 12 பி ரகம் (குறுகிய ஓடுபாதையில் எழும்பிச் செங்குத்தாக இறங்குவது), 8 ஏ ரகம் (வழக்கமான ஓடுபாதைக்கானது). பி-யில் முதல் நான்கு 2026-இல், அடுத்த எட்டு 2028-இல் என்பது தற்காப்பு அமைச்சு சொன்ன அட்டவணை. 2024 பிப்ரவரியில் அறிவித்த ஏ ரகம் 2030 வாக்கில்தான். ஆனால் நம்மைப் போல பிளாஸ்டிக்கில் விமானம் கட்டுகிறவர்களுக்குக் காத்திருப்பு ஏதுமில்லை. மூன்று ஸ்கேலில், அரை டஜன் கம்பெனிகளின் பெட்டிகள் ஏற்கெனவே அலமாரியில் இருக்கின்றன. எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஏ-யை வாங்கி பி ஆக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பி-க்கு விமானியின் முதுகுக்குப் பின்னால் லிஃப்ட் ஃபேன், அதாவது காற்றைக் கீழே தள்ளி விமானத்தைத் தாங்கும் விசிறி, உட்கார்ந்திருக்கிறது. அதனால் அந்த இடத்தில் ஒரு கூன், அதற்கேற்பக் குட்டையான கண்ணாடிக் கூண்டு. ஏ-யின் இடது தோளில் 25 மி.மீ. பீரங்கிக்காக ஒரு புடைப்பு இருக்கும். பி-யில் அது கிடையாது, தேவைப்பட்டால் வயிற்றின் கீழே தனிக் கூட்டில் மாட்டிக்கொள்வார்கள். வானிலேயே எரிபொருள் நிரப்ப ஏ-க்கு முதுகில் துளை, பி-க்கு வலப்பக்கம் நீண்டு வரும் குழாய். ஆயுத அறையின் அளவுகூட வேறு. ஏ-க்குள் 2,000 பவுண்டு குண்டு போகும், பி-க்குள் 1,000 பவுண்டுதான். புட்டியும் உப்புத்தாளும் வைத்துச் சரிக்கட்டுகிற வித்தியாசங்கள் இல்லை இவை.

1/48-இல் (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு அளவு) ஏ ரகத்துக்கு நேரடிப் போட்டி மெங், டாமியா இரண்டுக்கும்தான். சீனாவின் மெங் 2018-இல் முந்திக்கொண்டது. ஜப்பானின் டாமியா 2022 இறுதியில் ஏ-யை இறக்கி, பின்னாலேயே பி-யையும், விமானந்தாங்கிக் கப்பலுக்கான சி-யையும் கொண்டுவந்தது. மெங் மோசமான கிட் (ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் கொண்ட பெட்டி) இல்லை. டாமியா வரும்வரை இந்த ஸ்கேலில் ஏ வேண்டுமென்றால் அதைத்தான் கைகாட்டுவார்கள். இன்றும் விலை பார்த்து வாங்குகிறவருக்கு அது தப்பான தேர்வில்லை. ஆனாலும் என் ஓட்டு டாமியாவுக்கு. வெறும் பெயருக்காக இல்லை. எஃப்-35-இன் மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்பதில்தான் காரணம் இருக்கிறது.

மற்ற ஜெட் விமானங்களில் தகடுகள் சேரும் இடம் பள்ளக் கோடாக இருக்கும். எஃப்-35-இல் பெரும்பாலும் தலைகீழ். ரேடார் அலையை உறிஞ்சும் பூச்சு இணைப்புகளின் மேல் பட்டையாகப் படிந்திருப்பதால் அந்த இடங்கள் லேசாக மேடாகத் தெரியும், ஓரங்கள் ரம்பப் பல்லாக. கிட்டிலும் அப்படியே மேடாகத்தான் வார்த்திருப்பார்கள். இப்போது சாதாரண கிட்டை நினைத்துப் பாருங்கள்: இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் இடைவெளி வந்தால் புட்டி பூசுகிறோம், தேய்க்கிறோம், அழிந்துபோன கோட்டை ஊசியால் திரும்பக் கீறுகிறோம். எஃப்-35-இல் தேய்த்தால் மேட்டுப் பட்டை போய்விடும். பள்ளத்தைக் கீறிக்கொள்ளலாம், மேட்டை எதை வைத்து எழுப்புவது? மெல்லிய டேப் ஒட்டியோ பிரைமரை அடுக்கியோ திரும்பக் கொண்டுவருகிறவர்கள் உண்டு, அது பொறுமைசாலிகளின் வேலை. ஆக, இந்த விமானத்தைப் பொறுத்தவரை பாகங்கள் பொருந்துவதுதான் முதல் தகுதி. மற்ற விவரமெல்லாம் அதற்கப்புறம். டாமியா ஜெயிப்பது அங்கேதான். ஆயுத அறை, சக்கர அறை என்று உள்ளே அடுக்க வேண்டிய பெட்டிகள் ஏகப்பட்டது. அவ்வளவையும் அடக்கிய பிறகும் மேல்பாதியும் கீழ்பாதியும் சண்டை போடாமல் உட்காருகின்றன. பசை பூசுவதற்கு முன் ஒருமுறை சேர்த்துப் பார்த்தாலே புரிந்துவிடும்.

பி-க்கு வந்தால் போட்டி இன்னும் சுருங்குகிறது. டாமியாவுக்கு முன் 1/48-இல் பி வேண்டுமென்றால் கிட்டி ஹாக்தான் கதி. அந்தக் கம்பெனி இப்போது இல்லை. பழைய இருப்பு எங்காவது தூசியோடு கிடைக்கலாம், மலிவாகவும் கிடைக்கலாம்; இருந்தாலும் மேலே சொன்ன பொருத்தப் பிரச்சினையை மனதில் வைத்துப் பார்த்தால் அந்த மலிவு மலிவல்ல. டாமியா பி-யில் லிஃப்ட் ஃபேன் கதவுகள் திறந்து, பின் குழாய் கீழே வளைந்து செங்குத்தாக இறங்கும் கோலத்திலும் கட்டலாம். எல்லாம் மூடிய பறக்கும் கோலத்திலும் கட்டலாம். எது என்று பசையைத் திறக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

நான் திறந்த கோலத்தைத்தான் சொல்வேன். முதுகில் ஒரு பெரிய கதவு பின்பக்கம் கீல் வைத்து நிமிர்ந்து நிற்க, அடியில் விசிறி தெரிய, வால்குழாய் தரையைப் பார்க்க நிற்கிற விமானம் வேறு எதன் சாயலிலும் இல்லை. அதோடு நம் ஊர் பி ரகத்தை முதலில் எடுத்ததே குறுகிய ஓடுபாதைக்காகத்தானே. லிம் சூ காங் சாலையை ஓடுபாதையாக்கி ஆகாயப்படை நடத்தும் டோரண்ட் பயிற்சி நினைவிருக்கும். 2016-இல் நடந்தபோது விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம் எல்லாவற்றையும் கழற்றி 2,500 மீட்டர் நீளத்துக்கு, 24 மீட்டர் அகலத்துக்குப் பாதை அமைத்தார்கள். 1/48-இல் அந்த 24 மீட்டர் சரியாக 50 செ.மீ. ஓர் அலமாரித் தட்டு போதும்: நடுவில் வெள்ளைக் கோடு, ஓரத்தில் புல், மேலே எஃப்-35பி. நிஜத்தில் இன்னும் நடக்காத காட்சிதான், அதனால் என்ன.

இடப் பிரச்சினையைச் சொல்லாமல் ஸ்கேலைப் பேச முடியாது. பி-யின் நிஜ நீளம் 15.6 மீட்டர், இறக்கை முனைக்கு முனை 10.7 மீட்டர். 1/48-இல் 32.5 செ.மீ. நீளம், 22 செ.மீ. அகலம். வீவக வீட்டில் புத்தக அலமாரி ஆழத்தில் குறுக்கே வைத்தால் அடங்கும். டிரம்பெட்டரின் 1/32 பி-யோ கிட்டத்தட்ட 49 செ.மீ. நீளம், 33 செ.மீ. அகலம். இத்தாலேரியின் 1/32 ஏ-யும் ஏறக்குறைய அதே அளவு. நாலறை வீட்டில் பிள்ளைகளுக்குப் படிக்க மேசை போட்ட பிறகு அதற்கு எங்கே இடம்? பெட்டியே கட்டிலுக்கடியில் நுழையாது. தனி அறையும் பெரிய ஏர்பிரஷ் பூத்தும் (பெயிண்ட் தெளிக்கும் கூண்டு) வைத்திருக்கிறவர்கள் வாங்கட்டும், அவர்கள் இந்த அலசலைப் படிக்கவே தேவையில்லை.

1/72-இல் ஹாசேகாவாவின் ஏ, பி இரண்டும் உண்டு. அகாடமி ஏ தருகிறது. கையகலத்துக்குக் கொஞ்சம் கூட, 22 செ.மீ. நீளம். ஹாசேகாவா ஏ-யில் ஆயுத அறை மூடியபடியே வரும், அது குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது வரம். முதன்முதலாக ஜெட் கட்டுகிறவருக்கும், சிங்கப்பூரின் எல்லாப் போர் விமானத்தையும் வரிசையாக நிறுத்த ஆசைப்படுகிறவருக்கும் 1/72-தான்.

நிறத்தில் நமக்கு ஒரு நல்ல செய்தி. தொடக்க கால எஃப்-35 படங்களில் அந்த மேட்டுப் பட்டைகள் உடலைவிட வெளிர் சாம்பலில் பளிச்சென்று தெரியும். அதைக் கொண்டுவர ரம்பப் பல் ஒவ்வொன்றுக்கும் மாஸ்கிங் டேப் வெட்டி மாய்வார்கள். பிந்தைய தயாரிப்புகளில் உடல் முழுக்க ஒரே சாம்பல், பட்டைகள் வெளிச்சம் சாய்வாகப் பட்டால்தான் தெரிகின்றன. நமக்கு வருவது பிந்தைய தயாரிப்பு. எனவே எஃப்எஸ் 36170 (அமெரிக்க நிற அட்டவணை எண்) சாம்பலை ஒரே சீராக அடியுங்கள், அதில் துளி உலோகப் பொடி கலந்தால் வெயிலில் ஒரு நிறம், விளக்கில் ஒரு நிறமாக நிஜ விமானம் காட்டுகிற மாயம் கிட்டத்தட்ட வந்துவிடும்.

அடிக்கும்போது பார்க்க வேண்டியது நம் வானிலை. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் சர்வீஸ் யார்டில் நின்று லேக்கர் பெயிண்ட் அடித்தால், தின்னர் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதன்மேல் படிந்துவிடும். சாம்பல் வெளுத்துப் பால் படர்ந்ததுபோல் ஆகும். இந்த உலோகச் சாம்பலில் அது திட்டுத்திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் கலந்த லெவலிங் தின்னர் ஓரளவுக்குக் காப்பாற்றும். அதைவிட நல்லது, ஏர்கான் ஓடிக் காற்று உலர்ந்திருக்கும் அறையில் பூத்தை வைத்துக் குழாயை ஜன்னலுக்கு விடுவது. அண்டை வீட்டுக்காரர் துணி காயப்போடாத நேரமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அடுத்த வருஷம் இதைவிட நல்லது வந்துவிட்டால்?" என்று கேட்டுக்கொண்டே வாங்காமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். அறிவிப்பு என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டாமியா மே மாதத்து ஷிசுவோகா கண்காட்சியிலோ இலையுதிர்காலக் கண்காட்சியிலோ ஒன்றைக் காட்டினால், அது சில மாதங்களில் கடைக்கு வரும். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் ஜனவரியில் வருஷத்துக்கான பட்டியலை விரித்துவிடும். அதில் சில அடுத்த வருஷத்துக்குத் தாவும். செக் நாட்டு எடுவார்ட் மாதாமாதம் ஏதாவது இறக்கிக்கொண்டே இருக்கும், ஆனால் அதன் மனசு இரண்டாம் உலகப் போர் விமானங்களில். டிரம்பெட்டர் பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக அலமாரியில் இடம் ஒதுக்க வேண்டாம். டாமியா ஏ, பி, சி மூன்றையும் முடித்துவிட்ட பிறகு, அதே 1/48-இல் இன்னொருவர் புது அச்சுக்குப் பணம் போடுவாரா என்பது சந்தேகமே. பொறுத்திருந்து பயனில்லை.

எஃப்-35 வரும்வரை சிங்கப்பூர் ஜெட் ஒன்றாவது வேண்டும் என்கிறவருக்கு எஃப்-16 இருக்கிறது. டாமியாவின் 1/48 எஃப்-16சி-தான் கட்டுவதற்குச் சுகம், ஆனால் அதன் பிளாக் 50 (தயாரிப்புத் தொகுதி எண்) பெட்டியில் வருவது ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சின். நம்முடையது பிராட் அண்ட் விட்னி எஞ்சின் கொண்ட பிளாக் 52. முதுகு தடித்த நம் இரட்டை இருக்கை டி ரகத்துக்கு ஹாங்காங்கின் கினெட்டிக் பக்கம்தான் போகவேண்டும். பொருத்தத்தில் டாமியா அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். பழசில் ஆசை என்றால் ஏர்ஃபிக்ஸின் 1/48 ஹன்டர் எஃப்ஜிஏ.9 பெட்டி. பாய லேபார் பக்கத்து ஆகாயப்படை அரும்பொருளகத்தில் நிஜ ஹன்டர் நிற்கிறது, படம் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துக் கட்டலாம்.

வாங்கும்போது ஒரு கணக்கு. வெளிநாட்டுத் தளத்தில் விலை குறைவாகத் தெரிந்தாலும், 2023 முதல் 400 வெள்ளிக்குக் குறைந்த பொருளுக்கும், விற்பவர் இங்கே பதிவு செய்தவராக இருந்தால், பொருள் சேவை வரி உண்டு. இப்போது அது 9 விழுக்காடு. அனுப்பும் கூலியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு உள்ளூர்க் கடையில் கேளுங்கள். 1/48 பெட்டி கனமானது, பல நேரம் வித்தியாசம் ஒரு சாப்பாட்டுக் காசுகூட வராது.

டெகால்தான் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னத் தாள்) மிச்சம். சிங்க முகம் போட்ட வட்டச் சின்னத்தை, மங்கல் சாம்பல் வகையில், எஃப்-15எஸ்ஜி-க்கோ எஃப்-16-க்கோ வந்த டெகால் தாளிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்; எஃப்-35-க்குப் பொருந்தும் அளவா என்று மட்டும் முதலில் வெட்டி வைத்துப் பாருங்கள். படைப்பிரிவுச் சின்னத்தையும் வால் எண்ணையும் ஊகித்து ஒட்ட வேண்டாம். முதல் விமானங்கள் பயிற்சிக்காக அமெரிக்காவின் ஆர்கன்சாவில் உள்ள எப்பிங் தளத்தில் இருக்கும் என்பதால், நம் விமான ரசிகர்கள் வேலியோரம் நின்று கிட்டத்தில் படம் எடுக்க நாளாகும். அதுவரை வால் வெறுமையாக இருக்கட்டும், பளபளப்பைக் குறைக்கும் கடைசி மேட் பூச்சையும் அடிக்காமல் வையுங்கள். அதை அடித்துவிட்டால் பிறகு ஒட்டும் டெகாலுக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளி மின்னும்.