30, 40 யூரோவுக்குள் ஊர்ப் பெயர் போட்ட பர்கண்டி: எதை எடுக்கலாம்?

பிரான்ஸின் பர்கண்டிப் பகுதிச் சிவப்பு வைன் வாங்கும்போது பலரும் ஊர்ப் பெயரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அதைச் செய்தவரின் பெயரை. பாரிஸில் ஒரு சிறிய உணவகத்தில் வைன் பரிமாறுவது என் வேலை. இந்த நகரத்துச் சமையலறைகளில் நிற்கும் எங்கள் ஆட்களில் வைன் பழகியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணை, வீட்டில ஒரு நல்ல நாளுக்கு எந்தப் போத்தல் எடுக்கலாம்?"

பர்கண்டியில் நாலு படி. அடியில் வெறும் 'பர்கண்டி', அதற்கு மேல் ஊர்ப் பெயர், பிறகு தேர்ந்த தோட்டங்களின் பிரமியே க்ரூ, உச்சியில் அவற்றிலும் சிறந்தவற்றின் க்ரான் க்ரூ. சிவப்பு கிட்டத்தட்ட எல்லாமே பினோ நுவார் திராட்சைதான். மேல் இரண்டு படிகளின் விலை பெரும்பாலும் எங்களுக்கு எட்டாது. ஊர்ப் படியில்தான் தேடிப் பார்த்தால் பலன் உண்டு.

ஜெவ்ரே என்ற ஊர் 1847இல் தன் புகழ்பெற்ற தோட்டமான ஷம்பெர்த்தானின் பெயரையும் சேர்த்துக்கொண்டு ஜெவ்ரே-ஷம்பெர்த்தான் ஆனது. அந்தப் பெயருக்கான விலையை இன்றும் நாம் கொடுக்கிறோம். அங்கே ஊர்ப் பெயர் போடக்கூடிய நிலம் சரிவில் மட்டும் இல்லை, பெரிய வீதியைத் தாண்டிச் சமதரை வரை போகிறது. நல்ல கைக்காரர் அந்த நிலத்திலும் அருமையாகச் செய்வார். ஆனால் பல இடங்களில் திராட்சையோ வைனோ வாங்கிக் கலந்து விற்கும் ஒரு நிறுவனத்தின் ஜெவ்ரேயை 50 யூரோவுக்கு மேல் கொடுத்துத் திறந்தேன். நிறம் இருந்தது, பீப்பாயின் மரவாசனை இருந்தது, பழச் சுவை இல்லை. அதே காசுக்கு, பெயர் பெரிதாகாத ஊரில் முதல் தரமான ஆளின் வைன் கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் தொல்லோ-போ குடும்பத்தின் ஷோரே-லே-போன். ஷோரேயில் பிரமியே க்ரூ தோட்டம் ஒன்றுகூட இல்லை, நிலமும் பெரும்பாலும் தட்டை. ஆனால் இந்தக் குடும்பத்தின் சொந்த ஊர் அதுதான். கொர்த்தோன் மலையில் க்ரான் க்ரூ செய்யும் அதே கைகள்தான் இதையும் செய்கின்றன. செர்ரியும் ராஸ்பெரியும் முதல் வாயிலேயே வரும், மரவாசனை பின்னால் மெல்லியதாக நிற்கும். இளசாகவே குடிக்கலாம். பினோ நுவாரை முதன்முதல் சுவைப்பவருக்கு நான் ஊற்றுவது இதைத்தான்.

பக்கத்து ஊர் சாவினி-லே-போனில் சிமோன் பிஸ் என்ற வைன் பண்ணை. அதை நடத்திவந்த பத்ரிக் பிஸ் 2013இல் காலமான பின் அவருடைய மனைவி, ஜப்பானில் பிறந்த சிசா, பொறுப்பை ஏற்றார். இங்கே திராட்சைக் குலையைக் காம்போடு சேர்த்துப் புளிக்கவிடுகிறார்கள். அதனால் நிறம் வெளிறியிருக்கும், காய்ந்த ரோஜா, தேயிலை, கொஞ்சம் மசாலா மணம் வரும். ஊர்ப் படியிலேயே 'ஓ க்ரான் லியார்' என்ற தனித் தோட்டத்துப் போத்தல் இருக்கிறது. கண்டால் விடாதீர்கள், ஆனால் மூன்று நாலு வருடம் வைத்துத் திறவுங்கள். அவசரப்பட்டால் காம்பின் கசப்பு முன்னுக்கு வரும்.

டிஜோன் நகரத்துக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் மார்சனே 1987இல்தான் தனி ஊர்ப் பெயர் பெற்றது. அங்கே சில்வான் பத்தாய் செய்வதில் இரும்புபோல ஒரு இறுக்கமும் கரும்பழமும் சேர்ந்து வரும். அவருடையது கடைகளில் சீக்கிரம் முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் புரூனோ கிளேர் எடுங்கள், அதுவும் நேர்மையான வைன்.

இன்னும் சிக்கனமாக வேண்டுமென்றால் தெற்கே ஷலோன் பக்கம் இறங்க வேண்டும். மெர்க்குரே என்ற ஊரில் ஃபைவ்லே நிறுவனத்துக்கு மட்டுமே சொந்தமான 'லா ஃபிராம்புவாசியேர்' தோட்டத்து வைனை நம்பி வாங்கலாம், கொஞ்சம் முரடு. ஜிவ்ரி என்ற ஊரில் ஜொப்லோ வீட்டாரின் பிரமியே க்ரூவே பல கடைகளில் ஜெவ்ரேயின் ஊர்ப் போத்தலைவிட மலிவு. இந்த வித்தியாசம் எவ்வளவு நாளைக்கு இருக்குமோ.

ஆண்டையும் பாருங்கள். 2021இல் ஏப்ரல் உறைபனி அரும்புகளைக் கருக்கிவிட்டது, விளைச்சல் குறைவு, வைன் மெலிந்தது. எனக்கு அந்த மெலிவு பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்காது. 2020 வெயில் ஆண்டு, செறிவு அதிகம், பொறுக்க வேண்டும். குணத்தில் இரண்டுக்கும் நடுவே நிற்கும் 2022 நல்ல பழமும் போதிய விளைச்சலும் தந்தது. இந்த விலையில் நான் கைநீட்டுவது அதைத்தான்.

வீட்டில் ஊற்றும்போது அறைச்சூட்டில் வைக்காதீர்கள். அரை மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்து 15, 16 பாகையில் ஊற்றுங்கள், மணம் எழும்பும். எங்கள் வீட்டு ஆட்டுக்கறிக் காரத்தோடு இது வேண்டாம். மிளகாய் பழத்தை மூடிவிடும், அல்ககோலும் துவர்ப்பும் நாக்கைச் சுடும். அடுப்பில் சுட்ட கோழி, வாத்து, காளான் பிரட்டல், இவற்றோடு வையுங்கள். கோழிக்கு மிளகு கொஞ்சம் கூடினாலும் சாவினி தாங்கும்.