ஜாவாவும் நானும்: எல்லாம் சரி, அந்த இரட்டைச் சமக்குறி மட்டும் ஆறவில்லை

ஜாவா என்ற புரோகிராமிங் மொழியின் 25-ஆம் பதிப்பு வந்ததும் இறக்கிப் போட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே சந்தோஷம். திரையில் ஒரே ஒரு வரி வரவைக்க 'பப்ளிக் கிளாஸ்', 'பப்ளிக் ஸ்டேடிக் வாய்ட் மெயின்' என்று புதிதாகப் படிக்க வருகிறவர் அர்த்தம் தெரியாமலே தட்ட வேண்டியிருந்தது ஒருவழியாக முடிந்தது, இப்போது 'வாய்ட் மெயின்' என்று நேராக ஆரம்பித்தாலே ஓடுகிறது. 1995-ல் வெளியே வந்த மொழிக்கு இதைச் செய்ய 30 வருஷம் ஆகியிருக்கிறது. சரி, வந்ததே பெரிது. அப்புறம் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் போட்டுப் பார்க்கும் சோதனையைப் போட்டேன்: கீபோர்டிலிருந்து ஒரு பெயரை வாங்கி, கோடில், அதாவது புரோகிராம் வரிகளில், எழுதி வைத்திருக்கும் 'கோவெண்டர்' என்ற பெயரோடு இரட்டைச் சமக்குறி (==) வைத்து ஒப்பிடுவது. எழுத்துப் பிசகாமல் கோவெண்டர் என்றே தட்டினேன். ஃபால்ஸ், அதாவது இரண்டும் ஒன்றில்லை என்று பதில். இன்னமும் அதே ஃபால்ஸ்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் கோயில் காவடிப் பதிவை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றத்தான் ஜாவா படிக்க ஆரம்பித்தேன். கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற விஷயம் அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. 'பக்தர்' என்று ஒரு கிளாஸ், அதாவது ஓர் அச்சு, அதற்குள் பெயர், போன் நம்பர், பால்குடமா காவடியா என்ற விவரம். பதிவுக்கு வரும் ஒவ்வொருவரும் அதில் ஓர் ஆப்ஜெக்ட். அடுத்த தைப்பூசத்துக்கு ஊரையும் சேர்க்கச் சொன்னார்கள், கிளாஸில் ஓர் இடத்தில் சேர்த்தேன், எல்லாருக்கும் வந்துவிட்டது. போன் நம்பரை பிரைவேட் என்று போட்டுவிட்டால் புரோகிராமின் வேறு மூலையிலிருந்து யாரும் தெரியாமல் மாற்றிவிட முடியாது. இதெல்லாம் ரொம்ப நேர்த்தி, இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பெயரைத் தேடும் இடத்தில்தான் வயிற்றெரிச்சல். எங்கள் பட்டியலில் கோவெண்டரும் மூட்லியும் பிள்ளையும் பக்கத்துக்குப் பக்கம் இருப்பார்கள். ஒரே பெயருள்ள இரண்டு கோவெண்டர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று வையுங்கள். 'இவர் பெயரும் அவர் பெயரும் ஒன்றா' என்பதுதான் நம் கேள்வி. ஜாவாவின் இரட்டைச் சமக்குறியோ 'இவரும் அவரும் ஒரே ஆளா' என்று பார்த்துவிட்டு இல்லை என்கிறது. பெயரை ஒப்பிட 'ஈக்வல்ஸ்' என்று தனியாக ஒரு மெத்தட், அதாவது பெயர் சொல்லி அழைக்கும் ஒரு செயல், இருக்கிறது. இதையாவது ஒரு விதி என்று மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் அந்தக் குறி சில நேரம் சரியாகவும் வேலை செய்கிறது, அதுதான் கொடுமை. இரண்டு பெயர்களையும் கோடுக்குள்ளேயே எழுதி ஒப்பிட்டால் ட்ரூ, அதாவது ஒன்றுதான் என்று, வரும், ஏனென்றால் ஒரே மாதிரி எழுதிய சொற்களுக்கு ஜாவா ஒரே ஆப்ஜெக்டைப் பகிர்ந்து கொடுக்கிறது. வகுப்பில் காட்டும் உதாரணம் எல்லாம் அப்படித்தான் இருக்கும், அதனால் அங்கே ஓடும். வீட்டுக்கு வந்து கீபோர்டில் தட்டினால் அது தனி ஆப்ஜெக்ட், ஓடாது.

எண்களில் இன்னும் மோசம். பதிவு செய்தவர்களின் டோக்கன் எண்கள் ஒரு அரேலிஸ்டில் (ஜாவாவின் பட்டியல்), அன்றைக்கு வந்தவர்களின் டோக்கன் எண்கள் இன்னொன்றில். இரண்டிலிருந்தும் எடுத்து அதே குறியால் ஒப்பிட்டால் 127 வரை கச்சிதமாகப் பொருந்தும். 128-லிருந்து ஒருவரும் வரவில்லை என்று சொல்லும்! மைனஸ் 128 முதல் 127 வரையுள்ள இன்டிஜர் (முழு எண்) ஆப்ஜெக்டுகளை ஜாவா முன்கூட்டியே செய்து வைத்துப் பகிர்கிறது, அதற்கு மேலே போனால் பொதுவாகப் புதிது புதிதாகச் செய்கிறது, காரணம் அவ்வளவுதான். நாம் எழுதியதைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவது கம்பைலர். ஒரு செமிகோலனை விட்டால் வரி எண்ணோடு நிறுத்திவிடும் கம்பைலர், எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தை வைத்தால் நகரவே விடாத கம்பைலர், இதற்கு ஒரு எச்சரிக்கைகூடக் கொடுப்பதில்லை. இன்டெல்லிஜே மாதிரி எடிட்டர் சொல்லும். நோட்பேடில் எழுதிப் பழகச் சொல்லும் இடங்களில் யார் சொல்வது?

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் இங்கே லோட்ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, ஸ்டேஜ் 6 வரை கடுமையாகப் போனபோது ரவுட்டர் செத்துவிடும், லேப்டாப் பேட்டரியில் ஜாவா பாட்டுக்கு ஓடும்; விளக்கப் பக்கங்கள் முழுவதையும் முன்பே இறக்கி வைத்திருந்ததால் இருட்டிலும் படிப்பு நிற்கவில்லை. காலியாக இருக்கும் ஆப்ஜெக்டைத் தொட்டால் வரும் நல்பாயின்டர் எக்செப்ஷன் என்ற பிழை, எது காலி என்பதையும் ஜாவா 15-லிருந்து தானாகவே சொல்கிறது, புதியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! பழைய பதிப்பில் எழுதிய என் காவடிப் புரோகிராம் 25-லும் அப்படியே ஓடியது. பழைய கோடை உடைக்கக் கூடாது என்ற அந்தப் பிடிவாதம்தான் இரட்டைச் சமக்குறியையும் தொட விடாமல் வைத்திருக்கிறது என்று புரிகிறது, புரிந்தாலும் கோபம் போகவில்லை. ஜாவா புரோகிராம்களை ஓட்டும் அதே மென்பொருள் மெஷினில் ஓடும் கோட்லின் என்ற மொழி இரட்டைச் சமக்குறிக்கு உள்ளடக்கத்தை ஒப்பிடு என்று அர்த்தம் வைத்து, ஒரே ஆளா என்று பார்க்க மூன்று சமக்குறி கொடுத்தது. பைத்தான், டெல்ஃபி என்ற மொழிகளிலும் இந்தத் தொல்லையே இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் தோழி, கிரேடு 10-ல் ஐடி (தகவல் தொழில்நுட்பப் பாடம்) எடுத்திருக்கும் மகனுக்கு வீட்டில் ஜாவா ஆரம்பித்து விடலாமா என்று கேட்டிருந்தாள். இவ்வளவு நல்லது சொன்ன பிறகும் என் பதில், முதல் மொழியாக வேண்டாம் என்பதுதான். பள்ளியில் டெல்ஃபி என்றால் அதுவே போதும், இல்லையென்றால் பைத்தானில் தொடங்கட்டும். பள்ளியே ஜாவாதான் என்றால் வேறு வழியில்லை. முதல் நாளே 127-யும் 128-யும் இரண்டு லிஸ்டில் போட்டு ஒப்பிட்டுக் காட்டிவிடு, எண்ணோ எழுத்தோ ஆப்ஜெக்டாக இருந்தால் ஈக்வல்ஸ்தான் என்று பழக்கிவிடு, எழுத்தை ஒப்பிடும்போது கோடில் எழுதிய சொல்லை முன்னால் வைத்து ஈக்வல்ஸ் போடச் சொல், எதிர்ப்பக்கம் காலியாக இருந்தாலும் புரோகிராம் விழாது.