ரப்பர் வண்டுக்கு ‘ஓராண்டு உத்தரவாதம்’ தருபவர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை

குலசேகரம், திருவட்டாறு, அருமனை வட்டாரத்தில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோடை மழை தொடங்கியதும் வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்குள் மொய்க்கும் கருவண்டை, கேரளத்தில் முப்ளி வண்டு என்று சொல்லப்படும் அதே வண்டை, ஒரே தடவை மருந்தடித்து ஓராண்டுக்கு வராமல் செய்வதாகச் சொல்லி ஒரு நிறுவனத்தினர் வீடு வீடாக வருகிறார்கள். எங்களிடம் 4,500 ரூபாய் வாங்கினார்கள்.

வந்த ஆட்கள் மச்சில் ஏறி, ஓட்டுக்கடியில் கொத்துக் கொத்தாக அப்பியிருந்த வண்டுகளின் மீது மருந்தைப் பீய்ச்சினார்கள். என்ன மருந்து என்று கேட்டபோது காட்டிய கேனில், நச்சின் அளவைக் குறிக்கும் வண்ண முக்கோணம் இருக்க வேண்டிய இடத்தில் லேபிளைக் கிழித்த பசைத் தடம் மட்டுமே இருந்தது. அறையெங்கும் மண்ணெண்ணெய் வாடை. பாத்திரங்களை மூடி வைக்கும்படிகூட அவர்கள் சொல்லாததால், மருந்து பட்ட வண்டுகள் அரிசிப் பானையிலும் படுக்கையிலும் உதிர்ந்தன. இந்த வண்டு கடிக்காது என்றாலும், சீண்டினால் அது கசியவிடும் நீர் தோலைப் பொள்ள வைக்கும். கூட்டி அள்ளிய அம்மாவின் முழங்கையில் பழுப்பு நிறத்தில் தழும்பு விழுந்தது.

அடுத்த மழைக்கே வண்டுகள் திரும்ப வந்தன. தொலைபேசியில் அழைத்தால், பணம் வாங்கிய பிறகு தந்த அட்டையைப் பார்க்கச் சொன்னார்கள். அதில் கரப்பான், கரையான், எறும்பு ஆகியவை மட்டுமே இருந்தன. “வண்டு தோட்டத்துல இருந்துல்லா சார் வருது, அதுக்கு நாங்க என்ன செய்ய?” என்றார் ஒருவர்.

அவர் சொன்னது உண்மை என்பதுதான் எரிச்சல். ரப்பர் இலையுதிரும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலத்தில் சருகுக்குள் இனம் பெருக்கி, அந்தச் சருகையே தின்று வளர்ந்து, கோடை மழையோடு கிளம்பி, ஓட்டுக்கடியில் ஏறத்தாழ ஒன்பது மாதம் அசையாமல் கிடக்கும் பூச்சி இது. பெருக்கம் முழுவதும் தோட்டத்துச் சருகில் நடக்கும்போது, வீட்டுக்குள் அடிக்கும் மருந்துக்கு ஓராண்டு உத்தரவாதம் எப்படித் தர முடியும்? தோட்டக்காரரிடம் பேசி, புழுப் பருவத்திலேயே சருகைக் கவனிப்பதும், மழை மாலைகளில் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, தள்ளி ஒரு விளக்கும் அதனடியில் சோப்புத் தண்ணீரும் வைப்பதும் இதைவிடப் பலன் தரும், செலவும் சொற்பம்.

அப்படியும் ஆள் வைத்துத்தான் மருந்தடிக்க வேண்டும் என்றால், 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பெற்ற உரிமத்தையும் லேபிளோடு கூடிய மருந்தையும் முதலில் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாத அட்டையில் இந்த வண்டின் பெயரை எழுதிக் கையெழுத்திட்ட பிறகே பணம் கொடுங்கள். எங்களுக்குத் தந்த அட்டையில் களியக்காவிளைக்கு அப்பால் உள்ள முகவரி இருக்கிறது. புகார் என்றால் அங்கேதான் வர வேண்டும் என்கிறார்கள். அது தவறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், 1915 என்ற உதவி எண்ணில் பதிந்துவிட்டு, நாகர்கோவிலில் உள்ள நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கப் போகிறோம். இதே அட்டை வாங்கியவர்கள் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.