நாய் நகத்தில் ரத்தத்தை நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடர்: வேலை செய்கிறது, கறையும் போகாது

போன மாதம் சிங்கப்பூர் பீஷான் அங் மோ கியோ பூங்காவில் ஓடிவிட்டு வந்த எங்கள் நாய் முத்து, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வெள்ளை டைல்ஸ் முழுக்கச் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டே நடந்தான், பார்த்தால் முன்காலில் ஒரு நகம் நுனியில் முறிந்திருந்தது. நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் சதை இருக்கிறது, முறிவு அதுவரை போனால் சின்னக் காயத்துக்கே ரத்தம் கொட்டும்.

கைகொடுத்தது, 20 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) வாங்கி அலமாரியில் கிடந்த இந்தப் பவுடர்தான். துடைத்துவிட்டு ஒரு சிட்டிகையை நகநுனியில் அழுத்திப் பிடித்தேன், ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. சோளமாவும் போட்டுப் பார்த்திருக்கிறேன், நிற்கும், ஆனால் நேரமெடுக்கும், அதுவரை நாயை யார் பிடித்துக்கொள்வது?

குறை இல்லாமல் இல்லை. போட்டதும் எரியும்போல, முத்து காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். இரும்பு உப்பு கலந்த மஞ்சள் தூள், டைல்ஸ் இடுக்கில் விழுந்த கறை இன்னும் போகவில்லை, அம்மா தினமும் அதைக் காட்டித் திட்டுகிறார். டப்பா மூடியும் ஒரு கையால் திறக்க வராது (மறு கையில் நாய் துள்ளிக்கொண்டிருக்கும், இதை யோசிக்காமலா செய்தார்கள்!).

அப்புறம், இது நகத்துக்கு மட்டும்தான், ஆழமான காயத்தில் போடாதீர்கள். நகம் பாதி பிய்ந்து தொங்கினால் நீங்களே இழுக்க வேண்டாம், கால்நடை மருத்துவர் வலி தெரியாமல் மருந்து கொடுத்து எடுப்பார். 10 நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலும் அவரிடம்தான் போக வேண்டும்.

திட்டிக்கொண்டே நான் இரண்டாவது டப்பாவும் வாங்கிவிட்டேன்.